முழங்கால் மாற்றுச் சிகிச்சை: பயம் வேண்டாம், முன்னேற்பாடு வேண்டும்



விடியற்காலை பிரட்டுக்கு எழுந்திருக்கும்போது முட்டி பிடித்துக்கொள்கிறதா? பத்து அடி நடந்த பிறகுதான் கால் வழிக்கு வருகிறதா? கக்கூசில் குந்தினால் எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறதா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். உங்களுக்கு இல்லாவிட்டாலும், வீட்டில் இருக்கும் அம்மாவுக்கோ மாமியாருக்கோ, வேலையிலிருந்து நின்றுவிட்ட அப்பாவுக்கோ நிச்சயம் பயன்படும். அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

தோட்ட ஆஸ்பத்திரிக்கு முட்டி வலி என்று வருகிறவர்கள் இரண்டு விதம். ஒரு சாரார், "வயசாயிடுச்சு ஐயா, இனி என்ன செய்யிறது, ரெண்டு மாத்திரை குடுங்க" என்பார்கள். இன்னொரு சாரார், "ஆபரேஷன் பண்ணினா படுத்த படுக்கைதானாமே?" என்று பயப்படுவார்கள். இரண்டுமே சரியில்லை. வயதானால் தலை நரைக்கலாம், நடை நிற்க வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் நடமாடுகிறார்கள், பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறார்கள். ஆனால் ஒன்று: அறுவைக்கு முன் ஆறு வாரமும் பின் ஆறு வாரமும் நோயாளியும் குடும்பமும் செய்கிற வேலைதான் அந்தக் காலை நடக்க வைக்கிறது. அந்த வேலை என்ன என்பதைத்தான் இங்கே விளக்கமாகச் சொல்லப்போகிறேன்.

முட்டி ஏன் தேய்கிறது?

தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கிற இடத்தில், இளநீர் வழுக்கை மாதிரி வழவழப்பாக ஒரு குருத்தெலும்பு இருக்கிறது. அது தேய்ந்துபோனால் எலும்போடு எலும்பு உரசும். வலி, வீக்கம், 'நறநற' என்ற சத்தம், கால் வளைந்து போவது எல்லாம் அதனால் வருபவையே.

நம் மக்களின் முட்டி சும்மா தேயவில்லை. அந்தக் காலத்தில் காண்டாக் கம்பில் பால் வாளியைச் சுமந்து மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கினோம். இன்று செம்பனைக் காட்டில் குனிந்து உதிரிப் பழம் பொறுக்குகிறோம், முதுகில் மருந்துப் பம்பு சுமக்கிறோம். ஒரு செம்பனைக் குலை 10 கிலோவிலிருந்து 25 கிலோவரை இருக்கும். இதோடு வயது, உடல் பருமன், எப்போதோ விழுந்து பட்ட அடி எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு இந்த நோய் அதிகம்.

உடல் எடையைப் பற்றி ஒரு கணக்கை நினைவில் வையுங்கள். உடம்பில் 1 கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் முட்டியின் மேல் விழும் பாரத்தில் சுமார் 4 கிலோ குறையும். ஐந்து கிலோ குறைத்தால் ஒரு செம்பனைக் குலையையே இறக்கி வைத்த மாதிரி!

எண்ணெய், மசாஜ், ஜாமு

கோடாலித் தைலம் தேய்ப்பதிலோ வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதிலோ தவறில்லை. பிரிக்பீல்ட்சுக்குப் போய்ப் பார்வையற்ற சகோதரர்கள் நடத்தும் மசாஜ் நிலையங்களில் கைவைத்தியம் பார்த்து வருகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். தசை இறுக்கம் தளரும், இரண்டு நாள் சுகமாக இருக்கும். ஆனால் தேய்ந்துபோன குருத்தெலும்பை எந்தத் தைலமும் எந்தக் கையும் திரும்ப வளர்க்காது.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. சந்தையிலும் கைமாற்றாகவும் விற்கிற சில ஜாமு மாத்திரைகள், மூட்டு வலிப் பொடிகள் இருக்கின்றன அல்லவா? "ஒரே நாளில் ஓடலாம்" என்பார்கள். அப்படிப்பட்ட மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அதனால்தான் வலி உடனே பறந்து போகிறது! பிறகு முகம் உப்பும், இனிப்பு நீர் ஏறும், எலும்பு பலவீனப்படும், கிருமியை எதிர்க்கும் சக்தி குறையும். அப்படி எதையாவது மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் தானாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். அதுவும் ஆபத்து. புட்டியை எடுத்துக்கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். வெட்கப்படாதீர்கள்.

பொன்ஸ்டான், வால்டாரன் போன்ற வலி மாத்திரைகளையும் வருடக்கணக்கில் விழுங்கக்கூடாது. வயிற்றில் புண் வரும். இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்களுக்குச் சிறுநீரகம் கெடும்.

ஒரு பிரதமரின் முழங்கால்

1974-ஆம் ஆண்டு நியூயார்க்கில் உள்ள ஒரு சிறப்பு அறுவை மருத்துவமனையில் ஜான் இன்சால், சித்தரஞ்சன் ரணாவத் என்ற இரு டாக்டர்களும் பீட்டர் வாக்கர் என்ற பொறியியல் வல்லுநரும் சேர்ந்து செயற்கை முழங்கால் ஒன்றை உருவாக்கினார்கள். இன்றைக்கு உலகம் முழுவதும் போடப்படும் செயற்கை மூட்டுகளில் பெரும்பாலானவை அந்த அமைப்பின் வழிவந்தவையே.

இவர்களில் ரணாவத் இந்தியாவில் பிறந்தவர். இந்தியப் பிரதமராக இருந்த வாஜ்பாய்க்கு மும்பாய் பிரீச் கேண்டி மருத்துவமனையில் முழங்கால் மாற்றியவரும் அவரே. 2000 அக்டோபரில் இடது முட்டி, 2001 ஜூனில் வலது முட்டி. முதல் அறுவையின்போது வாஜ்பாய்க்கு வயது 75. அதற்குப் பிறகும் 2004 வரை அவர் பிரதமராக இருந்தார்.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, 70 வயது தாண்டிவிட்டது என்பதற்காக மட்டும் ஒதுங்க வேண்டியதில்லை. இரண்டு, இரண்டு முட்டியும் கெட்டிருந்தாலும் ஒன்றை முடித்து, தேறி, பிறகு மற்றதைச் செய்யலாம்.

டாக்டர் என்ன செய்வார்? காலை வெட்டி எடுக்க மாட்டார், பயப்படாதீர்கள். தேய்ந்த எலும்பு முனைகளை மட்டும் சீவி எடுத்துவிட்டு, உலோகத் தொப்பி மாட்டி, நடுவில் கெட்டியான பிளாஸ்டிக் தகட்டை வைப்பார். பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள். ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். போட்ட மூட்டு 100 பேரில் 80 பேருக்கு 25 வருடம்வரை தாங்குகிறது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 100 பேரில் ஒருவர், இருவருக்கு மூட்டில் கிருமி தாக்கும். ஐந்தில் ஒருவர், "நினைத்த அளவுக்குச் சுகம் இல்லை" என்கிறார். ஆகவே லேசான வலிக்கு இது வைத்தியம் அல்ல. உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, மருந்து எல்லாம் பார்த்தும் இரவில் தூக்கம் வராமல் வலித்தால், கடைத்தெருவரைகூட நடக்க முடியாமல் போனால், அப்போதுதான் அறுவை.

எங்கே போவது? செலவுக்கு என்ன வழி?

முதலில் பக்கத்திலுள்ள அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்கள். அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு எலும்பு நிபுணரிடம் போக வேண்டும். கேரித்தீவு, காப்பார், மேரு பக்கம் உள்ளவர்களுக்குக் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை இருக்கிறது. கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியும், மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையும் உண்டு. கிள்ளானிலிருந்து கொமியூட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரல் இறங்கினால் இரண்டுக்கும் ரயில் தொடர்பு இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியின் பெயரிலேயே 2023-இல் எம்.ஆர்.டி. நிலையம் திறந்துவிட்டார்கள்.

அரசு மருத்துவமனையில் குடிமக்களுக்குக் கட்டணம் சொற்பம். ஆனால் செயற்கை மூட்டுக்குத் தனியாகப் பணம் கேட்கக்கூடும். அது சில ஆயிரம் வெள்ளி வரும். இதைக் கேட்டதும் பலர் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். திரும்பாதீர்கள்! அந்த மருத்துவமனையிலேயே மருத்துவச் சமூகநலப் பிரிவு இருக்கிறது. அங்கே சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, வீட்டில் எத்தனை பேர் என்ற விவரங்களோடு போய் உதவி கேளுங்கள். வசதியில்லாத நோயாளிகளுக்குக் கருவி வாங்க உதவும் மருத்துவ உதவி நிதி சுகாதார அமைச்சில் உண்டு. ஊழியர் சேமநிதியில் மருத்துவச் செலவுக்குப் பணம் எடுக்கும் வழியும் இருக்கிறது. உங்கள் சிகிச்சைக்கு அது பொருந்துமா என்று சேமநிதி அலுவலகத்தில் நேரில் விசாரியுங்கள். கடன்காரனிடம் போவதற்கு முன் இந்த வாசல்களைத் தட்டிப் பாருங்கள்.

அறுவைக்கு நாள் கிடைக்க மாதங்கள் ஆகலாம். அந்தக் காத்திருப்பை வீணாக்காதீர்கள். உண்மையில் சிகிச்சை அப்போதே தொடங்கிவிடுகிறது.

அறுவைக்கு முன் செய்ய வேண்டியவை

இனிப்பு நீர்: இதுதான் முதல் எதிரி. 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் நாட்டுப் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு! சர்க்கரை கூடினால் காயம் ஆறாது, கிருமி தங்கும். மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் 'எச்.பி.ஏ.1.சி.' பரிசோதனை 8-க்குக் கீழே வரும்வரை பல டாக்டர்கள் கத்தியைத் தொடமாட்டார்கள். "நாளை தள்ளிப் போட்டுட்டாங்க" என்று கோபப்படாதீர்கள். உங்கள் நன்மைக்குத்தான். தே தாரிக்கிலே தித்திப்புப் பாலைக் குறையுங்கள், மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

பல்லும் தோலும்: சொத்தைப் பல்லிலிருந்தும், பாதத்து வெடிப்பு, சேற்றுப்புண், சிறுநீர்க் கிருமி ஆகியவற்றிலிருந்தும் கிருமி இரத்தத்தில் ஏறிப் புது மூட்டில் போய் உட்காரும். எல்லாவற்றையும் முன்னதாகவே சரி செய்துகொள்ளுங்கள்.

புகை: குறைந்தது 4 வாரம் முன்பே நிறுத்த வேண்டும். புகைப்பவரின் காயம் மெதுவாகத்தான் ஆறும்.

மருந்துப் பட்டியல்: இரத்தத்தை இளக்கும் மாத்திரை, இருதய மாத்திரை, நாட்டு மருந்து எதுவானாலும் எழுதிக்கொண்டு போங்கள். எதை எப்போது நிறுத்துவது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கால் பலம்: படுத்துக்கொண்டு முட்டிக்குக் கீழே உள்ள மெத்தையை முட்டியாலேயே அழுத்துங்கள். ஐந்து எண்ணி விடுங்கள். பிறகு காலை மடக்காமல் ஒரு சாண் உயரம் தூக்கி, ஐந்து எண்ணி இறக்குங்கள். பத்துப் பத்துத் தடவை, காலை மாலை. தொடைத் தசை பலமாக இருந்தால் அறுவைக்குப் பிறகு சீக்கிரம் எழுந்து நிற்பீர்கள். நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி உடம்பைத் தூக்கிப் பழகினால் கைக்கும் பலம் வரும். நடைவண்டியைப் பிடிக்க அது தேவை.

வீட்டைத் தயார் செய்யுங்கள்

குந்தும் கக்கூஸ்தான் நம் வீடுகளில் பெரிய சிக்கல். புது முட்டியோடு குந்த முடியாது. நடுவில் ஓட்டை போட்ட நாற்காலியோ, மேலே வைக்கிற கமோடு இருக்கையோ முன்பே வாங்கி வையுங்கள். கடனாகக் கிடைக்குமா என்று சமூகநலப் பிரிவிலும் கேட்கலாம். சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி அடியுங்கள். குளியலறையில் பாசி இருந்தால் தேய்த்துக் கழுவி, வழுக்காத ரப்பர் விரிப்புப் போடுங்கள். கால் தட்டும் பாய், வயர், பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களை எடுத்துவிடுங்கள்.

தரையில் பாய் போட்டுப் படுப்பவர்களுக்குக் கட்டில் வேண்டும். அடுக்குமாடி வீட்டில் மேல் மாடியில் இருந்து, அங்கே லிப்டும் அடிக்கடி நின்றுபோகிறதென்றால், முதல் ஒரு மாதம் கீழே உள்ள உறவினர் வீட்டில் தங்க முடியுமா என்று யோசியுங்கள். சமையல், துணி, மருந்துக்கு அழைத்துப் போவது யார் யார் என்று குடும்பம் முன்பே உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டும். நோயாளி தாயாராக இருந்தால் இது இன்னும் முக்கியம். பெற்ற தாய் ஆறு வாரம் அடுப்படிக்குப் போகக்கூடாது என்பதை ஆண்பிள்ளைகள் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும்

அறுவை முடிந்த அன்றோ மறுநாளோ எழுப்பி நிற்க வைப்பார்கள். "ஐயோ, தையல் பிரிஞ்சிடும்" என்று கத்தாதீர்கள். பிரியாது. படுத்தே கிடந்தால்தான் காலில் இரத்தம் உறையும். பொதுவாக மூன்றிலிருந்து ஐந்து நாளில் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அக்கம்பக்கத்தார் வந்து, "அசையாம படு, முட்டை தின்னாதே, சீழ் பிடிக்கும்" என்பார்கள். அன்பினால் சொல்கிறார்கள், ஆனால் தவறு. புண் ஆறுவதற்குப் புரதச்சத்து வேண்டும். முட்டை, மீன், கோழி, பருப்பு எல்லாம் சாப்பிடலாம். விரால் மீன் விருப்பமானால் அதையும் சாப்பிடுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுச் சாப்பிட வேண்டும்.

இனி ஆறு வாரப் பாடம்:

1. ஒவ்வொரு மணி நேரமும் பாதத்தை மேலும் கீழும் பத்துத் தடவை ஆட்டுங்கள். இரத்தம் உறையாமல் இருக்கும்.

2. முட்டிக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். சுகமாக இருக்கும், ஆனால் கால் கோணலாகவே நின்றுவிடும். வைப்பதானால் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும்.

3. படுக்கையில் குதிகாலை இடுப்பை நோக்கி இழுத்து மடக்கிப் பழகுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைப் பின்னுக்கு இழுங்கள். ஆறு வாரத்துக்குள் முட்டி 90 டிகிரி, அதாவது நாற்காலியில் சாதாரணமாக உட்காரும் அளவாவது மடங்க வேண்டும். வலிக்கத்தான் செய்யும். வலி மாத்திரையைச் சாப்பிட்டு அரை மணி கழித்துப் பயிற்சி செய்யுங்கள். இந்த நாட்களில் மடக்காத முட்டியைப் பிறகு மடக்குவது மிகக் கடினம்.

4. பயிற்சிக்குப் பின் ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி 15, 20 நிமிடம் வையுங்கள். வீக்கமும் சூடும் சில மாதம்வரை இருக்கலாம்.

5. ஊன்றுகோலை அறுவை செய்யாத பக்கத்துக் கையில் பிடியுங்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில்.

6. கெண்டைக்காலை யாரும் பிடித்து மசாஜ் செய்யக்கூடாது. உள்ளே இரத்தக்கட்டி இருந்தால் அது நகர்ந்து நுரையீரலை அடைக்கும், உயிருக்கே ஆபத்து. காயத்தின் மேல் எண்ணெயும் மஞ்சளும் வேண்டாம்.

7. இரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மருந்தைச் சொன்ன நாள்வரை நிறுத்தாமல் சாப்பிடுங்கள். பிசியோ சிகிச்சைக்குக் கொடுத்த நாளைத் தவறவிடாதீர்கள்.

உடனே ஓட வேண்டிய அறிகுறிகள்

காயத்தில் சீழோ நீரோ வடிந்தாலும், சிவந்து பரவினாலும், குளிர் காய்ச்சல் வந்தாலும், கெண்டைக்கால் வீங்கி இறுக்கமாக வலித்தாலும், அறுவை செய்த ஆஸ்பத்திரிக்கு அன்றே போங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி என்றால் 999-க்கு அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வருடங்கள் கழித்துக்கூடப் புது முட்டி திடீரென்று வீங்கிச் சூடாக இருந்தால் அலட்சியம் வேண்டாம்.

வேலைக்கு எப்போது?

உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஆறு வாரம். நின்று, நடந்து செய்யும் வேலைக்குச் சுமார் மூன்று மாதம். குலை சுமப்பது, வழுக்குகிற மேட்டில் ஏறுவது, குந்திப் புல் பிடுங்குவது ஆகியவை புது மூட்டுக்கு ஆகாது. ஆகவே இலகுவான வேலை தேவை என்று நிபுணரிடம் எழுத்தில் வாங்குங்கள். அதைத் தோட்டக் கமிட்டி மூலம் நிர்வாகத்திடம் கொடுங்கள். வேலைச் சட்டப்படி மருத்துவமனையில் தங்கும் சிகிச்சைக்கு ஆண்டுக்கு 60 நாள்வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு.

முட்டி கெட்டதற்குக் காரணம் வேலையில் விழுந்த அடி என்றால் அது சொக்சோ விவகாரம். விபத்து நடந்த அன்றே கிராணியிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிப்பது முதலாளியின் கடமை. "சின்ன அடிதானே" என்று விட்டுவிட்டுப் பத்து வருடம் கழித்துக் கேட்டால் ஆதாரம் இருக்காது. மருத்துவச் சீட்டுகளை ஒரு பையில் போட்டு வையுங்கள்.

பத்துமலைக்குப் போக முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. 272 படிகள். நன்றாகத் தேறி, டாக்டரும் சரி என்று சொன்ன பிறகு, கைப்பிடியைப் பிடித்து நின்று நின்று ஏறலாம். பாரம் சுமந்து ஏற வேண்டாம். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பந்தியில் சாப்பிடுவதையும் விட்டுவிடுங்கள். நாற்காலி கேட்டு வாங்கி உட்காருங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

இறுதியாக ஒரு வேண்டுகோள். முட்டி வலியோடு மூன்று மாதத்துக்கு மேல் இருப்பவர்கள் இந்த மாதமே ஒரு நாள் ஒதுக்கிக் கிளினிக்குக்குப் போங்கள். எல்லோருக்கும் அறுவை தேவைப்படாது. பலருக்குப் பயிற்சியும் எடைக் குறைப்புமே போதும். தேவைப்படுகிறவர்களுக்கு, வரிசையில் பெயர் எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ அவ்வளவு நல்லது. சர்க்கரை அளவையும் அன்றைக்கே பார்த்துவிட்டு வாருங்கள்.